சாதாரணக் காது

பாட்டில் பேஸ் நன்றாக இருக்கிறது, அடித்தாளம் கனமாக விழுகிறது என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். பாடுகிறவர் குரலும் தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்று வேறு சொன்னேன், தாளத்துக்குத் தலையை ஆட்டினேன், ஒரு விரலைக்கூட உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். எதிர் சீட்டில் இருந்த குரு போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். அப்போதுதான் ரயில் இந்திரா நகர் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. இந்தப் பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் பட்டப்பகலிலும் குடோன் மாதிரி இருண்டு கிடக்கும். வெளியே வெயில் போனதும் வலப்பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் என் முகம் வந்தது. தலையில் குரு கொடுத்த புது ஹெட்போன், சந்தன நிறம், காதின்மேல் உட்காரும் இடத்தைச் சுற்றிச் செம்பு வளையம். அழகாகத்தான் இருந்தேன். முதலில் நான் பார்த்தது அதைத்தான், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. அதற்கப்புறம்தான் வளையத்தின் ஓரத்தில் கடுகளவு நீல விளக்கைப் பார்த்தேன். அது விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. திருவான்மியூர் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே குரு சொல்லித் தந்திருந்தார், விட்டு விட்டு எரிந்தால் போனோடு இன்னும் சேரவில்லை, நின்று எரிந்தால் சேர்ந்துவிட்டது. அப்படியானால் பாட்டே இல்லை. இல்லாத பாட்டுக்கு நான் தலையாட்டியிருக்கிறேன். பிறகு எதைப் பேஸ் என்று சொன்னேன்? ரயிலை. சக்கரம் தண்டவாளத்தில் குத்தும் குத்து, சீட்டு வழியாக முதுகுக்கு ஏறி, முதுகிலிருந்து மண்டைக்கு ஏறி, காதை அழுத்திக்கொண்டிருந்த மெத்தைக்குள் வந்து திம் திம் என்று நின்றது. அதுதான் பாட்டு என்று நினைத்துவிட்டேன். சரி, அது பேஸ். பாடுகிறவர் குரல் தெளிவாக இருக்கிறது என்றேனே, அதை எங்கிருந்து எடுத்தேன்?

எங்கிருந்தும் எடுக்கவில்லை. இது எனக்குப் பழக்கம். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதைக் கொடுத்துவிடுவது. குருவின் முகத்துக்கு என்ன பதில் வேண்டும் என்று இந்த நாலு மாதத்தில் எனக்கு மனப்பாடம். பகலில் வங்கி வேலை, மற்ற நேரமெல்லாம் ஹெட்போன், இயர்போன், ஸ்பீக்கர். வாங்கி, கேட்டு, நல்லது கெட்டது சொல்லித் தமிழில் வீடியோ போடுவார். துணி அலமாரியைத் திறந்துவைத்து அதற்குள் தலையை விட்டுப் பேசினால் எதிரொலி இருக்காதாம். அப்படிப் பேசுகிற ஒரு மனிதரைத்தான் எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிறார்கள். ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைகள், பல் டாக்டர், சிமெண்ட் ஏஜென்சி, பேசவே பேசாத ஒரு இன்ஜினியர்கூட வந்தார். கடவுளுக்கு என்மேல் அப்படி என்ன விளையாட்டோ, காதையே தொழிலாக வைத்திருக்கும் ஆளாகப் பார்த்து அனுப்பினார். இன்று மயிலாப்பூருக்குக் கிளம்பும்போது பையிலிருந்து இந்த ஹெட்போனை எடுத்தார். "இது ஸ்டுடியோக்காரனுக்கு இல்லை செண்பகா. தினமும் பஸ்ல ரயில்ல போறவங்க பாட்டு கேட்கறதுக்கு. நான் கேட்டா பிரயோஜனமில்லை, என் காது கெட்டுப்போன காது, குத்தம் கண்டுபிடிச்சே பழகிடுச்சு. எனக்கு உன்னை மாதிரி ஒரு சாதாரணக் காதுதான் வேணும்" என்றார். சாதாரணக் காது. அவர் அதை அவ்வளவு பிரியமாகச் சொன்னார். பிளாட்பாரத்தில் போகிறவர்களுக்கெல்லாம் நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது, எனக்கு ஒருவர் சாதாரணக் காது என்று சொல்லியிருக்கிறார் என்று. ரயில் ஏறி உட்கார்ந்ததும் முடியை ஒதுக்குகிற மாதிரி கையைக் கொண்டுபோய், வலது காதுக்குப் பின்னாலிருந்து மெஷினைக் கழற்றி, பேட்டரி மூடியை நகத்தால் திறந்து அணைத்து, உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். அதோடு ஹெட்போனைப் போட முடியாது. இந்த மாடல் காதை முழுக்க உள்ளே வாங்கிக்கொள்ளாது, காதின்மேலேயே அழுத்தி உட்காரும். மெஷினை எது அழுத்தினாலும் அது கூவும். இப்போதும் அது என் இடது கைக்குள்தான் இருக்கிறது, வியர்வையில் வழுக்கிக்கொண்டு.

மெஷின் என்றுதான் சொல்வோம். வீட்டில் அதுகூட இல்லை, 'அது'. "அதைப் போட்டுக்கிட்டியாட்டி?", "அதைக் கழட்டி வச்சுட்டுக் குளி." கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் 'அது' என்றால் வேறு எதுவும் கிடையாது. இடது காது பேருக்குத்தான், கம்மல் மாட்ட உதவும். வலது காதுக்கு மெஷின் இருந்தால் பக்கத்தில் பேசுகிறவர்கள் பேச்சு வரும், மிச்சத்தை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வேன். குருவோடு எங்கே போனாலும் ஓடிப்போய் அவருக்கு இடப்பக்கம் வந்துவிடுவேன், என் வலது காது அவர் பக்கம் இருக்க வேண்டுமே. அவர் அதை ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், ஒருமுறை சொல்லிக்கூடச் சிரித்தார். பெண் பார்க்க வந்த அன்று அம்மா தன் மாட்டலை எடுத்துவந்து எனக்குப் போட்டாள். ஜிமிக்கியிலிருந்து காதைச் சுற்றிப் பின்னால் போய் முடியில் செருகும் முத்துச் சரம். அவள் கல்யாணத்தில் போட்டது, அதற்கப்புறம் பீரோவை விட்டு வெளியே வராதது. அந்தச் சரம் போகும் வழியும் மெஷினின் குழாய் போகும் வழியும் ஒன்றேதான். அதற்குமேல் ஒரு முழம் மல்லிகையைச் சரித்துவிட்டாள். தள்ளி நின்று, வலமும் இடமும் தலையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியல. கல்யாணம் முடியட்டும்ட்டி, பக்குவமா சொல்லிக்கிடலாம்" என்றாள். அப்பா பேப்பரை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்று சொன்னேனா? சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்து, எனக்கே தெரியவில்லையே என்று சந்தோஷப்பட்டேன். குருவின் அக்காவுக்கு அந்த மாட்டல் அவ்வளவு பிடித்துப்போயிற்று. இந்தக் காலத்துப் பெண் யார் மாட்டல் போடுகிறாள், என்ன லட்சணம், கல்யாணத்துக்குத் தம்பி கையால் புதுசாக ஒன்று செய்துபோட வேண்டும் என்று பிடிவாதம். இப்போது மயிலாப்பூருக்கு நாங்கள் போவதே அதற்குத்தான். மாட வீதியில் நகைக்கடை வாசலில் அக்கா வந்து நிற்பார்கள். நான் எதை மறைக்கப் போட்டேனோ அதைத் தங்கத்தில் செய்து தரப்போகிறார்கள்.

என் முழங்காலை எதுவோ தொட்டது. குருவின் விரல். நிமிர்ந்து பார்த்தால் அவர் உதடு அசைகிறது. நல்லவேளை, எனக்கு நேராகப் பார்த்துத்தான் பேசினார். "நான் இன்னும் ப்ளேயே பண்ணலையே செண்பகா." சொல்லிவிட்டுச் சிரித்தார், போனைத் திருப்பிக் காட்டினார், ஏதோ வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கஸ்தூரிபா நகரோ எதுவோ, ரயில் நின்று ஆட்கள் ஏறினார்கள், அவர்கள் மத்தியில் என் முகம் சூடாகி, அந்தச் சூடு மெத்தைக்குள் போய் ஹெட்போனே கொதிப்பது போல இருந்தது. வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. "சும்மா சொன்னேங்க. உங்களுக்கு சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான்" என்று வந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் அப்படியே இருந்தது, சிரிப்பு மட்டும் போய்விட்டது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஏதோ தெரிந்தே எனக்காக நிறுத்திப் பேசுகிற மாதிரி சொன்னார்: "சூப்பர் ப்ரோ சூப்பர் ப்ரோன்னு சொல்ல எனக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. நீயும் அப்படிச் சொல்லாத." சரி என்று தலையாட்டினேன். இதற்கும் தலையாட்டல்தான். அவர் போனுக்குள் குனிந்துவிட்டார். இப்போது அவர் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பார்? ஐஸ் வைக்கிறவள். காதில் விழாததையும் நல்லது என்று சொல்கிறவள், நாளைக்குச் சாம்பார் முதல் சம்பளம் வரை இதையே செய்வாள். நினைத்துக்கொள்ளட்டும் என்று எனக்குள் ஒன்று சொல்கிறது. பொய்க்காரி என்று நினைத்துக்கொள்ளட்டும், செவிடு என்று மட்டும் தெரிய வேண்டாம். அதைச் சொல்வது அம்மா இல்லை, மாட்டல் இல்லை, நான்தான். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, பொய்தான் கௌரவம் என்று எடுத்துக்கொண்டேன். என் காதைப் பற்றி வெட்கப்பட்டு வெட்கப்பட்டே வளர்ந்தவள் நான், ஆனால் இந்த வெட்கம் அதைவிடக் கீழே எங்கோ இருந்தது.

இவர் கண்டுபிடித்துவிட்டாரோ? இல்லை. கண்டுபிடித்திருந்தால் நிச்சயத்தன்றே கண்டுபிடித்திருக்க வேண்டும். அன்றைக்கு நடந்ததை நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தேன், இந்த ஹெட்போனின் அழுத்தம் அதைப் பிடித்து வெளியே இழுக்கிறது. சின்னக் கல்யாண மண்டபம். தட்டு மாற்றி முடிந்ததும் குருவின் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இரண்டு கையாலும் கன்னத்தை வழித்து நெட்டி முறிக்க வந்தார்கள். மனசு நிறைந்து வந்தார்கள், கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அந்தக் கை என் காதை மூடியது. உடனே மெஷின் கூவியது. எனக்கு அது எப்போதும் காதுக்குள் ஊசி மாதிரி வரும், வெளியே எவ்வளவு கேட்கும் என்று எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் பிரேயரில் ஒரு தோழி கட்டிப்பிடித்தபோது மூன்று வரிசை திரும்பிப் பார்த்ததை வைத்து ஒரு கணக்கு. மண்டபமே திரும்பியது. என் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மைக் செட்டு கூவுது பாருங்க" என்றாள். குரு அப்படியே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மூலையில் இருந்த ஆம்ப்ளிஃபையர் பக்கம் போனார். சத்தம் என்றால் அவர் விட மாட்டார். மைக் செட்காரர் வயசானவர், கட்டம் போட்ட சட்டை, அப்போதுதான் வயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். குரு எதையோ சொல்ல, அவர் எதையோ சொல்ல, உதட்டைப் படித்தேன்: "நான் இன்னும் ஆனே பண்ணலை தம்பி." குரு கேட்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா, தெரியாத வேலைக்கு ஏன் வருகிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார் போல, பந்திக்கு நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அந்த மனிதர் செருகாத ப்ளக்கைக் கையில் பிடித்துக் காட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார், யாராவது பார்ப்பார்கள் என்று. நான் பார்த்தேன். பட்டுப்புடவையும் மாட்டலுமாக ஐந்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். பிறகு அவர் குனிந்து மறுபடியும் வயரைப் பிரிக்க ஆரம்பித்தார்.

நீல விளக்கு நின்று எரிகிறது. கோட்டூர்புரம் தாண்டி, ஆற்றுப் பாலத்தில் வெயில் அடித்து, மறுபடி ஒரு கட்டடத்தின் நிழல் வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். சேர்ந்துவிட்டது. குரு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, போனில் கட்டைவிரலை அழுத்திக் காட்டினார். இப்போது நிஜமாகப் பாட்டு ஓடுகிறது. எனக்கு என்ன வருகிறது? மெத்தை காதின்மேல் லேசாகத் துடிக்கிறது, பூனைக்குட்டியின் வயிற்றில் கை வைத்த மாதிரி. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, இடது பக்கம் அதுவும் இல்லை. நான் கைதேர்ந்த பரீட்சைக்காரி, ஆனால் இந்தப் பரீட்சையில் என்னால் உண்மையாகவே எத்தனையோ சொல்ல முடியும் என்பதுதான் வேடிக்கை. கனம் இல்லை, தலையில் இருப்பதே தெரியவில்லை. குனிந்தால் நழுவவில்லை. பின்னலுக்கு மேல் பட்டை சரியாக உட்காருகிறது. ஆனால் ஜிமிக்கி போட்டவர்களுக்கு ஆகாது, கம்மலின் திருகாணியைக் கழுத்துக்குள் அழுத்துகிறது, அரை மணி நேரம் போட்டால் காது மடல் கன்றிப்போகும், சென்னை வெயிலுக்கு மெத்தை வியர்த்துக் கொட்டுகிறது. இதையெல்லாம் சொல்லலாம். யாரும் சொல்லாததாகக்கூட இருக்கும். கேட்பதற்காக வாங்குகிற சாமானில் கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லலாம். எனக்கு முதன்முதலில் ஹெட்போன் மாட்டிவிட்டது பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டர். கறுப்பாக, கனமாக, கிட்டத்தட்ட இதே மாதிரி காதின்மேல் அழுத்தி உட்காரும். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு பாப்பா என்றார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அப்பா பெஞ்சில் இருந்தார், அவர் முகம் கெஞ்சிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்தேன், பட்டனை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மாவின் தோள் ஒரு நூல் அசைகிறது. தோள் அசைந்தால் விரலைத் தூக்கினேன். தோள், விரல். தோள், விரல். அப்பா முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பெரிதாக ஒன்றும் குறை இல்லை, வளர வளரச் சரியாகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பாஸ் பண்ணிவிட்டேன். அதனால்தான் மெஷின் எனக்கு ஐந்தாம் வகுப்பில் வந்தது, முதல் வகுப்பில் வந்திருக்க வேண்டியது. அப்பா வாங்கித் தந்த ஐஸ்கிரீம் மட்டும் அன்றைக்கே வந்தது.

தோள், விரல். இன்றைக்கும் அதைத்தான் செய்தேன். குரு போனில் விரல் வைத்தார், நான் தலையாட்டினேன். இனிமேல் எத்தனை வருஷம் இவர் தோளையே பார்த்துக்கொண்டிருப்பேன்? சமையலறையில் நிற்கும்போது பின்னாலிருந்து இவர் கூப்பிட்டால்? விளக்கை அணைத்த பிறகு இவர் ஏதாவது சொன்னால், அதற்கு நான் எந்த முகத்தைப் பார்த்து உம் கொட்டுவது? ஒரு பிள்ளை பிறந்து, மெஷினைக் கழற்றிவைத்துவிட்டு நான் தூங்கும் அறையில் அது அழுதால்? அது அழுது அழுது அடங்கிய பிறகு நான் எழுந்து, நல்ல பிள்ளை அழவே இல்லை என்று சொல்வேன். சொல்வேன், எனக்கு என்னைத் தெரியும். பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற பக்குவம் எப்போது வரும் என்று அம்மாவுக்கும் தெரியாது, அவள் அன்றைக்கு அன்றைக்கு மூடிக்கொண்டு போகிறவள். கிரீன்வேஸ் ரோட்டில் ஒரு அம்மாள் கூடை நிறையக் கறிவேப்பிலையோடு ஏறி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது என்று தெரிந்துவிட்டதோ என்று ஒரு பதைப்பு. ஹெட்போனைப் பார்க்கிறாள். அழகான சாமானைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். இதைப் போட்டிருக்கும்வரை நான் கேட்கவில்லை என்றால் யாருக்கும் தப்பாகத் தோன்றாது. காதில் பாட்டு ஓடுகிறது, பாவம், கேட்கவில்லை என்பார்கள். ஒரு கணம் எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா, இதையே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரியலாம், கடையில், ஆபீஸில், மணவறையில்கூட. மாட்டலைவிட இது எவ்வளவோ மேல். அந்த ஆசை வந்ததும்தான் எனக்கே என்மேல் சகிக்கவில்லை.

குரு முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து ஹெட்போனை மெதுவாகக் கழற்றி என் மடியில் வைத்தார். ஹெட்போனைக் கழற்றினால் யாருக்கும் பேச்சு கேட்கும் என்பது அவர் நினைப்பு. எனக்கு அதைப் போட்டாலும் கழற்றினாலும் ஒரே அமைதிதான். "இப்போ நிஜமா சொல்லு. மோசம்னா மோசம்னு சொல்லு. உன் காதை நம்பித்தான் வீடியோ போடப்போறேன்" என்றார். உன் காதை நம்பி. அவர் கண்ணில் கோபம் இல்லை. ஒரு சின்னப் பயம் இருந்தது, இவள் மறுபடியும் பொய் சொல்லிவிடுவாளோ என்று. என்னைப் பார்த்து ஒருத்தர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து எல்லாரும் பாவப்பட்டிருக்கிறார்கள், எரிச்சல்பட்டிருக்கிறார்கள், பயந்ததில்லை. இடது கையின் கட்டைவிரல் பழக்கத்தில் மெஷினின் மூடியை அழுத்தி மூடியது, மூடினால் சில நொடியில் அது ஓட ஆரம்பிக்கும். முடியை ஒதுக்குகிற மாதிரி கையைக் கொண்டுபோய், காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, "மோசமில்லைங்க, ஆனா ஜிமிக்கி குத்துது" என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. சிரித்துவிடுவார். மந்தைவெளி போனால் அடுத்தது மயிலாப்பூர், நகைக்கடை, முத்துச் சரத்தின் நீளத்தை அக்கா என் காதில் வைத்தே அளந்து பார்ப்பார்கள். கை பாதி தூரம் மேலே வந்தது. காதருகே வந்ததும் எனக்குப் ப்ளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரின் கைதான் கண்ணில் பட்டது.

"கையை நீட்டுங்க" என்றேன். கம்மலைக் கழற்றித் தருகிறேன் என்று நினைத்திருப்பார், நீட்டினார். மெஷினை அவர் உள்ளங்கையில் வைத்தேன். தோல் நிறத்தில், ஒரு முந்திரிப்பருப்பு அளவில், குழாயோடு அது அங்கே கிடந்தது, வியர்வையில் நனைந்து, பார்க்க என்னவோ மாதிரி. என் உடம்பையே வைத்த மாதிரி கூசியது. அவர் அது என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் மந்தைவெளியிலிருந்து ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. விழுந்துவிடக்கூடாது என்று சட்டென்று விரல்களை மூடிக்கொண்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கறிவேப்பிலை அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கதவருகே நின்றவர் கூரையைப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண் விழித்துத் தன் போனை எடுத்துப் பார்த்தார். கூவுகிறது. சின்ன வயசிலிருந்து நான் எதற்குப் பயந்து பயந்து தலையைச் சாய்க்காமல், யாரையும் கட்டிக்கொள்ளாமல் வளர்ந்தேனோ அது ஒரு ரயில் பெட்டி முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் கேட்காமல். குருவின் புருவம் சுருங்கியது. அதே சுருக்கம். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார், பிறகு நிறுத்திக்கொண்டு, கண்ணை மெல்லக் கீழே இறக்கித் தன் கையையே பார்த்தார்.

"கையைத் திறங்க, நின்னுடும்" என்றேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், மெஷின் இல்லாமல் என் குரல் எனக்கு அளவு தெரியாது, இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள். அவர் திறந்தார். எல்லாரும் ஒவ்வொருவராக அவரவர் வேலைக்குத் திரும்பியதைப் பார்த்து நின்றுவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். மோவாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. என் தலை ஆடுவதற்குத் தயாராக இருந்தது, வாயில் புன்னகைகூட வந்துவிட்டது. இப்படி எத்தனை பேச்சுக்கு ஆடியிருக்கும் இந்தத் தலை. அதை நிறுத்தினேன்.

"கேட்கலை" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காதை, பிறகு முகத்தை. கோபமா, என்னவா, எனக்கு எடுக்க முடியவில்லை. சீட்டின் நுனிக்கு வந்து, முகத்தை எனக்கு நேராகத் திருப்பி, அதையே மறுபடியும் சொன்னார்.

"அந்த மைக் செட்காரரை எல்லார் முன்னாடியும் திட்டிட்டேனே."

அவர் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம், கண்ணாடியில் தினமும் பார்ப்பது. "அவர் ப்ளக்கைத் தூக்கிக் காட்டினார். நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்" என்றேன். அவர் தலையாட்டினார். மயிலாப்பூர் ஸ்டேஷனின் இருட்டு பெட்டிக்குள் வந்தது. ஆட்கள் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள், கறிவேப்பிலைக் கூடை எங்களை உரசிக்கொண்டு போனது. பிரேக் பிடித்ததில் ரயில் முன்னும் பின்னும் ஆடியது. குரு கையை மூடவில்லை. விரித்த உள்ளங்கைக்குக் கீழே மற்றக் கையையும் கொடுத்து, ரயில் நிற்கும்வரை அதை என் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.